பெரியது எது, பழையது எது: அமெரிக்கக் கல்லூரி ஃபிரட்டர்னிட்டிகள்

"அக்கா மகன் வரும் ஆகஸ்டில் அமெரிக்காவில் இளங்கலை சேருகிறான், போனதும் ஃபிரட்டர்னிட்டியில் சேரப்போகிறேன் என்கிறான், இவற்றில் எது பெரியது, எது பழையது, மரபில் ஒன்றுக்கொன்று என்ன வித்தியாசம்" என்று கேட்டிருக்கிறீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் எதிலும் உறுப்பினன் இல்லை. நடுமேற்கு அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழக ஊரில் ஆய்வுப் படிப்புக்காக ஐந்து வருடம் இருந்தேன், வாடகை குறைவு என்று நான் பிடித்த வீடு ஃபிரட்டர்னிட்டி வீடுகள் வரிசையாக நிற்கும் தெருவுக்குப் பின்தெருவில் இருந்தது, வாடகை ஏன் குறைவு என்பது முதல் சனிக்கிழமை இரவே புரிந்துவிட்டது. அப்புறம் அந்த வீட்டுப் பையன்கள் பலருக்கு வகுப்பெடுத்தேன். அவர்களோடு பேசிப்பேசி, இந்தச் சங்கங்களின் வரலாற்றைப் படிப்பது ஒரு பைத்தியமாகவே ஆகிவிட்டது. அதனால் பதில் நீளும்.

ஃபிரட்டர்னிட்டி என்றால் என்ன என்பதற்கு நம் ஊரில் ஒரே சொல் கிடையாது. விடுதி, மாணவர் மன்றம், பழைய மாணவர் சங்கம் மூன்றையும் ஒன்றாகக் கலந்து, அதில் சாதிச் சங்க வாசனையும் கொஞ்சம் சேர்த்தால் ஏறக்குறைய வரும். கிரேக்க எழுத்துகளில் பெயர், நாடு முழுக்க பல கல்லூரிகளில் கிளைகள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தலைமையகம், யாருக்கும் சொல்லக்கூடாத ஒரு சேர்ப்புச் சடங்கு, சேர்ந்தால் சாகும்வரை உறுப்பினர். பெண்களுக்கான அமைப்பு சொராரிட்டி. பெயர்கள் தமிழ்க் காதுக்கு வேடிக்கையாக இருக்கும். கை என்பது நம் கை அல்ல, பை என்பது கடைக்குக் கொண்டுபோகும் பை அல்ல, இரண்டும் கிரேக்க எழுத்துகள். பை கப்பா ஆல்ஃபாவை எல்லாரும் சுருக்கி 'பைக்' என்பார்கள், முதல் வருடம் முழுக்க அதை நான் மோட்டார் சைக்கிள் கிளப் என்றே நினைத்திருந்தேன். கப்பா ஆல்ஃபா சொசைட்டி, கப்பா ஆல்ஃபா ஆர்டர், கப்பா ஆல்ஃபா சை, கப்பா ஆல்ஃபா தீட்டா என்று நான்கு உண்டு, ஒன்றுக்கொன்று எந்தச் சம்பந்தமும் இல்லை, அதில் கடைசியானது பெண்களுடையது. பையனிடம் யாராவது "நான் கப்பா ஆல்ஃபா" என்றால், எந்த கப்பா ஆல்ஃபா என்று கேட்கச் சொல்லுங்கள்.

சரி, பழையது எது? இந்தக் கேள்விக்கே மூன்று பதில்கள் இருக்கின்றன, மூன்றையும் சொல்பவர்கள் சண்டைக்குத் தயாராகத்தான் சொல்வார்கள். முதல் கிரேக்க எழுத்துச் சங்கம் ஃபை பீட்டா கப்பா. 1776 டிசம்பர் 5, வர்ஜீனியாவில் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி. சுதந்திரப் பிரகடனம் வெளிவந்து ஐந்தே மாதம். ரகசியக் கைகுலுக்கல், பதக்கம், கிரேக்க வாசகத்தின் முதலெழுத்துகளைப் பெயராக வைப்பது (மெய்யறிவே வாழ்வுக்கு வழிகாட்டி என்பது அதன் பொருள்) என்று பின்னால் வந்தவர்கள் காப்பியடித்த எல்லாமே இங்கே தொடங்கியவைதான். ஆனால் இது பிற்பாடு ரகசியத்தைக் கைவிட்டு, நன்றாகப் படிப்பவர்களைக் கௌரவிக்கும் அமைப்பாக மாறிவிட்டது. இன்று ஃபை பீட்டா கப்பாவில் யாரும் 'சேர' முடியாது, மதிப்பெண் பார்த்து அவர்களே அழைப்பார்கள். அது ஏன் ரகசியத்தை விட்டது என்பது தனிக்கதை. 1826இல் நியூயார்க் மாநிலத்தில் வில்லியம் மார்கன் என்பவர் ஃப்ரீமேசன்கள் என்ற ரகசியச் சங்கத்தாரின் ரகசியங்களைப் புத்தகமாகப் போடப்போகிறேன் என்று அறிவித்துவிட்டு மாயமாய் மறைந்துபோனார். மேசன்கள்தான் கொன்றுவிட்டார்கள் என்று ஊரே கொதித்தது, ரகசியச் சங்கம் என்றாலே மக்களுக்கு வெறுப்பு, அந்த அலையில் ஹார்வர்டு கிளை 1831இல் ரகசியத்தைத் துறந்தது.

இரண்டாவது பதில், நானும் ஏற்கும் பதில்: நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி நகரில் யூனியன் கல்லூரி. அங்கே 1825இல் கப்பா ஆல்ஃபா சொசைட்டி, 1827இல் சிக்மா ஃபை, அதே வருடம் டெல்டா ஃபை என்று வரிசையாக மூன்று பிறந்தன. இன்றைக்கு நாம் ஃபிரட்டர்னிட்டி என்று எதைச் சொல்கிறோமோ அது, இடைவெளி இல்லாமல் தொடர்ந்து வருவது, அங்கிருந்துதான். மூன்றாவது பதில் கை ஃபை சங்கத்தினர் சொல்வது, 1824இல் பிரின்ஸ்டனில் தோன்றியவர்கள் நாங்கள் என்பார்கள். அந்த 1824 சங்கத்துக்கும் இன்றைய சங்கத்துக்கும் தொடர்ச்சி எவ்வளவு என்பதில்தான் தகராறு. ஒவ்வொரு கோயிலுக்கும் ஒரு தலபுராணம் இருப்பதுபோல இவர்களுக்கும் உண்டு என்று வைத்துக்கொள்ளுங்கள். இதில் எல்லாரையும் மிஞ்சியவர்கள் கப்பா சிக்மா. பதிவான வரலாற்றின்படி அது 1869 டிசம்பரில் வர்ஜீனியா பல்கலைக்கழகத்தில் ஐந்து மாணவர்கள் தொடங்கியது. ஆனால் அவர்களுடைய புராணம் 1400இல், இத்தாலியின் பொலோனியாவில், ஊர்த் தலைவன் அடியாட்களிடம் சிக்கிய மாணவர்கள் தற்காப்புக்காகக் கூடியதிலிருந்து ஆரம்பிக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒஹையோ. ஆக்ஸ்ஃபோர்டு என்ற சின்ன ஊரில் மியாமி பல்கலைக்கழகம் (ஃபுளோரிடா மியாமி வேறு). பீட்டா தீட்டா பை 1839, ஃபை டெல்டா தீட்டா 1848, சிக்மா கை 1855, மூன்றும் அங்கே பிறந்து நாடு முழுக்கப் பரவியவை. எப்படிப் பிறந்தன என்று பார்த்தால், பெரிய லட்சியம் எதுவும் கிடையாது, எல்லாம் சண்டைதான். 1848 ஜனவரியில் நல்ல பனிப்பொழிவு. பையன்கள் ராத்திரியில் பெரிய பெரிய பனி உருண்டைகளை உருட்டிக் கொண்டுவந்து பிரதான கட்டடத்தின் வாசலை அடைத்துவிட்டார்கள். கல்லூரித் தலைவர் கடுங்கோபக்காரர், செய்தவர்களை வெளியேற்றுவேன் என்று மிரட்டினார், அடுத்த இரவு பனியோடு விறகு, மேசை, பெஞ்சு எல்லாம் சேர்த்து இன்னும் பலமாக அடைத்தார்கள். விசாரணை நடந்தது, பலர் வெளியேற்றப்பட்டார்கள், சிலர் தாங்களாகவே போனார்கள், அதில் அங்கே இருந்த ஆல்ஃபா டெல்டா ஃபை, பீட்டா இரண்டின் கிளைகளுமே காலியாகிவிட்டன. அந்த வெற்றிடத்தில்தான் அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆறு பேர் ஓர் அறையில் கூடி ஃபை டெல்டா தீட்டாவைத் தொடங்கினார்கள். நிலாவில் முதலில் கால்வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங் பர்டூ பல்கலைக்கழகத்தில் இதன் உறுப்பினர், சங்கப் பதக்கத்தையும் நிலாப் பயணத்தில் கூடவே எடுத்துப்போனார்.

சிக்மா கை கதை இன்னும் அற்பம், அதனாலேயே இன்னும் அழகு. டெல்டா கப்பா எப்சிலான் என்ற சங்கத்தின் மியாமி கிளையில் பன்னிரண்டு பேர். இலக்கிய மன்றத்தில் கவிஞர் பதவிக்கு ஆள் தேர்வு. தங்கள் சங்கத்து ஆளுக்கே எல்லாரும் ஓட்டுப் போடவேண்டும் என்று ஒரு தரப்பு சொல்ல, அவனுக்குக் கவிதை எழுத வராது, வெளியாள் நன்றாக எழுதுகிறான், அவனுக்குத்தான் போடுவோம் என்று நாலைந்து பேர் அடம்பிடிக்க, சங்கம் ஆறுக்கு ஆறாகப் பிளந்தது. சமரசம் பேசக் கூடிய இடத்தில் ரங்கிள் என்ற பையன் பதக்கத்தைக் கழற்றி மேசையில் வீசிவிட்டு நடந்தான். அந்த ஆறு பேரும் வெளியாள் ஒருவனைச் சேர்த்துக்கொண்டு ஏழு பேராகத் தொடங்கியதுதான் இன்று மூன்று லட்சம் பேருக்கு மேல் கண்ட சிக்மா கை. டெல்டா டாவ் டெல்டாவும் (1858, பெத்தனி கல்லூரி) இதே ரகம்தான், பேச்சுப் போட்டிப் பரிசில் தில்லுமுல்லு நடந்துவிட்டது என்ற கோபத்தில் பிறந்தது. கவிதைக்கும் மேடைப்பேச்சுக்கும் சங்கம் உடைவது நமக்கு ஒன்றும் புதிதில்லையே.

எல்லாமே சண்டை என்று சொல்லிவிடவும் முடியாது. பென்சில்வேனியாவின் ஜெஃபர்சன் கல்லூரியில் டைஃபாய்டு பரவியபோது, நோயில் கிடந்த நண்பர்களின் படுக்கைக்கு அருகில் இரவுபகலாக இருந்த இரண்டு மாணவர்கள் 1852இல் தொடங்கியது ஃபை கப்பா சை. உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு 1865 செப்டம்பரில் வர்ஜீனியாவின் லெக்சிங்டன் ஊரில் படித்த தெற்கின் இளைஞர்கள் மூவர் வடக்கையும் தெற்கையும் மறுபடி சேர்க்க என்று சொல்லி ஆல்ஃபா டாவ் ஒமேகாவைத் தொடங்கினார்கள். அதே லெக்சிங்டன் ஊரில், வர்ஜீனியா ராணுவக் கல்லூரியில், சீனியர்கள் ஜூனியர்களைப் பண்ணும் கொடுமையைப் பொறுக்காமல் சிலர் எதிர்த்து நின்று, 1869 புத்தாண்டு தினத்தில் தங்களை வெளிப்படையாக அறிவித்தது சிக்மா நியூ. அதே ஊரில் மூன்றாவதாக கப்பா ஆல்ஃபா ஆர்டர், 1865 டிசம்பர். அந்தப் போரில் தோற்ற தெற்குப் படைத் தளபதி ராபர்ட் லீ தலைவராக இருந்த கல்லூரியில் பிறந்து அவரையே ஆதர்சமாகக் கொண்டது. இவர்களுடைய கிளைகள் 'பழைய தெற்கு' என்ற பெயரில் அந்தத் தெற்குப் படையின் சீருடை போட்டு விருந்து நடத்திக்கொண்டிருந்தன. சீருடைக்குத் தலைமையகம் தடை போட்டதே 2010இல்தான். மரபு என்று இவர்கள் எதைச் சொன்னாலும், யாருடைய மரபு என்று ஒரு தடவை கேட்டுப் பார்ப்பது நல்லது.

ஏனென்றால் இந்தச் சங்கங்கள் பலவற்றின் விதியிலேயே வெள்ளையர், கிறிஸ்தவர் மட்டும் என்று இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை எழுதியிருந்தது. 1948இல் ஆம்ஹர்ஸ்ட் கல்லூரியின் ஃபை கப்பா சை கிளை ஒரு கறுப்பின மாணவரைச் சேர்த்தபோது தலைமையகம் அந்தக் கிளையையே விலக்கியது. கிளை பணியவில்லை, அந்த மாணவரை வைத்துக்கொண்டு பெயரை மாற்றித் தனிச் சங்கமாக நின்றது. டைஃபாய்டுக் கதையைச் சொன்ன அதே சங்கம்தான் இது, இரண்டையும் சேர்த்துத்தான் மனதில் வைத்துக்கொள்ளவேண்டும். விதிகளை எடுத்த பிறகும் வழக்கம் போகவில்லை. அலபாமா பல்கலைக்கழகத்தில் வெள்ளையர் சொராரிட்டிகள் கறுப்பினப் பெண்களை ஒதுக்குவதை மாணவர் பத்திரிகை அம்பலப்படுத்தி, நிர்வாகம் தலையிட்டு மாற்றியது எந்த வருடம் தெரியுமா? 2013.

ஒதுக்கப்பட்டவர்கள் சும்மா இருக்கவில்லை, தங்களுக்கென்று கட்டிக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் ஃபிரட்டர்னிட்டி வரலாற்றில் உருப்படியான பகுதி இதுதான். யூதர்களுக்கு ஸீட்டா பீட்டா டாவ், 1898, நியூயார்க். கறுப்பினத்தவருக்கு ஆல்ஃபா ஃபை ஆல்ஃபா, 1906, கார்னெல். 1904-05 கல்வியாண்டில் கார்னெலில் இருந்த ஆறு கறுப்பின மாணவர்களில் ஒருவர்கூட அடுத்த வருடம் திரும்பி வரவில்லை, தனியாக விடப்பட்டால் இங்கே தாக்குப்பிடிக்க முடியாது என்று புரிந்து படிப்புக் குழுவாகக் கூடியவர்கள்தான் சங்கமாக மாறினார்கள். பின்னாலேயே கப்பா ஆல்ஃபா சை (1911, இந்தியானா), ஒமேகா சை ஃபை (1911, வாஷிங்டனில் கறுப்பினத்தவருக்கான ஹோவர்டு பல்கலைக்கழகம்), ஃபை பீட்டா சிக்மா (1914, ஹோவர்டு), வெகுகாலம் கழித்து அயோட்டா ஃபை தீட்டா (1963, மார்கன் ஸ்டேட்). நான்கு பெண்கள் அமைப்புகளையும் சேர்த்து இவற்றைத் 'தெய்வீக ஒன்பது' என்பார்கள். மார்ட்டின் லூதர் கிங் பாஸ்டனில் முனைவர் பட்டம் படிக்கும்போது 1952இல் ஆல்ஃபாவில் சேர்ந்தவர். வாஷிங்டனில் 2011இல் திறந்த அவருடைய நினைவுச்சின்னம், இந்தச் சங்கம் முன்னெடுத்துப் பணம் திரட்டிக் கட்டியது.

இந்த ஒன்பதில் ஒன்றோடு நமக்கும் ஒரு சின்ன ஒட்டு உண்டு. கமலா ஹாரிஸ் ஹோவர்டில் படித்தபோது ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா சொராரிட்டியில் சேர்ந்தார், 1908இல் தொடங்கிய முதல் கறுப்பினப் பெண்கள் அமைப்பு அது. 2020இல் துணை அதிபர் வேட்பாளராக ஏற்புரை ஆற்றியபோது குடும்பம் என்று அவர் அடுக்கிய பட்டியலில் "சித்திகள்" வந்தது நம் ஊரில் எல்லாருக்கும் நினைவிருக்கும், அன்றைக்கு வாட்ஸ்அப் முழுக்க அதுதான். அதே பட்டியலில் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபாவும் 'தெய்வீக ஒன்ப'தும் இருந்தன. நம்மவர்கள் சித்தியோடு நிறுத்திக்கொண்டோம். தொலைக்காட்சியில் பார்த்த கறுப்பினப் பெண்களுக்கு மற்ற பெயர்கள்தான் சிலிர்ப்பைத் தந்திருக்கும்.

இந்தக் கறுப்பினச் சங்கங்களின் நடைமுறையே வேறு. பெரும்பாலும் தெருவில் தூண் வைத்த பெரிய வீடு கிடையாது. பட்டம் வாங்கியதும் முடிந்துவிடுவதும் கிடையாது, பட்டதாரிகளுக்கென்றே ஊருக்கு ஊர் கிளைகள் இருக்கும், நாற்பது வயதில் சேர்பவரும் உண்டு. ஒன்றாக நின்று காலால் தரையைத் தட்டி, கையைத் தட்டி ஆடும் 'ஸ்டெப்பிங்' இவர்களுடையது. கப்பா ஆல்ஃபா சைக்காரர்கள் கைத்தடியைச் சுழற்றி ஆடுவார்கள், ஒமேகாக்காரர்கள் ஊதாவும் பொன்னிறமும் போட்டுக்கொண்டு குரைப்பார்கள், நிஜமாகவே குரைப்பார்கள், தோளில் ஒமேகா எழுத்தைச் சூடுபோட்டுக்கொண்ட உறுப்பினர்களையும் பார்க்கலாம். இறந்துபோன உறுப்பினரை 'ஒமேகா கிளை'க்குப் போய்விட்டார் என்று சொல்வது ஆல்ஃபாவில் வழக்கம். கிளைகளுக்கு அகரவரிசையில் பெயர் வைக்கும்போது கடைசி எழுத்தை உயிரோடு இருப்பவர்களுக்குக் கொடுக்காமல் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். நான் கேட்ட மரபுகளிலேயே மனதைத் தொட்டது அதுதான்.

இந்தியர்களுக்கும் வந்துவிட்டது. பிங்ஹாம்டனில் 1994இல் தொடங்கிய அயோட்டா நியூ டெல்டா (முதலெழுத்துகளை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள்), பென்சில்வேனியாவில் 1996இல் சிக்மா பீட்டா ரோ, ஆஸ்டினில் 1998இல் டெல்டா எப்சிலான் சை. அங்கேயே பிறந்து வளர்ந்த தெற்காசியப் பிள்ளைகள்தான் இவற்றில் அதிகம். ஊரிலிருந்து நேராகப் போகிற பையனுக்கு அவர்கள் அவ்வளவு சொந்தமாகத் தோன்றாமல் போகலாம், அதைக் குறையாகச் சொல்லவில்லை, இரண்டும் வேறு உலகம்.

பெண்கள் பக்கம் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், உங்கள் கேள்வி பையனைப் பற்றி என்பதால். இல்லினாயின் மான்மத் கல்லூரியில் 1867இல் பை பீட்டா ஃபை, 1870இல் கப்பா கப்பா காமா, அதே 1870இல் இந்தியானாவின் கிரீன்காசில் ஊரில் கப்பா ஆல்ஃபா தீட்டா. சொராரிட்டி என்ற சொல்லே அப்போது இல்லை, 1882இல் சிரக்யூஸில் ஒரு லத்தீன் பேராசிரியர் காமா ஃபை பீட்டா பெண்களுக்காக உண்டாக்கிக் கொடுத்தது. அதனால்தான் பழைய அமைப்புகள் சில இன்னமும் தங்களைப் பெண்கள் ஃபிரட்டர்னிட்டி என்றே சொல்லிக்கொள்கின்றன.

இனி பெரியது எது. இங்கேதான் எல்லாரும் குழப்புவார்கள், ஏனென்றால் ஒவ்வொரு சங்கமும் தனக்குச் சாதகமான எண்ணைச் சொல்லும். தொடங்கிய நாளிலிருந்து சேர்ந்தவர் மொத்தம் என்று எண்ணினால் சிக்மா ஆல்ஃபா எப்சிலான் (1856, அலபாமா), சிக்மா கை, சிக்மா ஃபை எப்சிலான் (1901, ரிச்மண்ட்) எல்லாமே மூன்று லட்சத்தைத் தாண்டியவை, டாவ் கப்பா எப்சிலானும் (1899, இல்லினாய் வெஸ்லியன், ரொனால்டு ரீகன் இதில்தான் இருந்தார்) அதை ஒட்டி நிற்கிறது. ஆனால் இதில் செத்தவர்களும் அடக்கம். கிளைகளின் எண்ணிக்கை என்றால் வரிசை மாறும், பட்டதாரிக் கிளைகளையும் சேர்த்தால் ஆல்ஃபா கப்பா ஆல்ஃபா ஆயிரத்தைத் தாண்டிவிடும், ஆண்கள் சங்கம் எதுவும் அந்த அளவுக்கு எட்டாது. மறுபக்கம், எல்லாருக்கும் முன்னால் பிறந்த கப்பா ஆல்ஃபா சொசைட்டியும் சிக்மா ஃபையும் வேண்டுமென்றே சின்னதாக இருப்பவை, விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் கிளைகள். டெல்டா கப்பா எப்சிலானும் (1844, யேல்) பெரிய சங்கம் இல்லை, ஆனால் ஹேய்ஸ், தியோடர் ரூஸ்வெல்ட், ஃபோர்டு, இரண்டு புஷ்கள் என்று ஐந்து அதிபர்களை வைத்துக்கொண்டு அலட்டிக்கொள்வார்கள். பெரியதும் செல்வாக்கும் வேறு வேறு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

பையனுக்கு உண்மையில் தேவைப்படும் எண் இவை எதுவுமே இல்லை. அவன் கல்லூரியில் அந்தக் கிளையில் எத்தனை பேர் என்பதுதான். தெற்கு மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்களில் ஒரே கிளையில் நூற்றைம்பது பேருக்கு மேல் இருப்பார்கள், அலபாமாவில் கிரேக்கச் சங்கங்களில் இருக்கும் மாணவர்கள் மட்டுமே பத்தாயிரத்துக்கு மேல், அங்கே சேராதவன்தான் தனியாள். எம்ஐடியில் அதே பெயர்ப் பலகை மாட்டிய சங்கம், ஆற்றுக்கு அந்தப்பக்கம் பாஸ்டனில் பழைய செங்கல் வீட்டில் முப்பது நாற்பது பேரோடு, ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டு வாழ்கிறது. பெயர் ஒன்று, பதக்கம் ஒன்று, சடங்கு ஒன்று, வாழ்க்கை சுத்தமாக வேறு. வில்லியம்ஸ் மாதிரிச் சில கல்லூரிகள் 1960களிலேயே ஃபிரட்டர்னிட்டிகளை ஒழிக்க முடிவெடுத்துவிட்டன, அங்கே போனால் இந்தப் பேச்சே இல்லை.

மரபுகளில் வெளியே தெரிபவை பெரும்பாலும் விளையாட்டுத்தனம்தான். ஃபை காமா டெல்டாக்காரர்கள் தங்கள் கிரேக்க எழுத்துகளைச் சட்டையிலும் பலகையிலும் போட்டுக்கொள்ள மாட்டார்கள், அது அவ்வளவு புனிதம், பதிலுக்கு 'ஃபிஜி' என்று எழுதிக்கொள்வார்கள். பை கப்பா ஆல்ஃபாக்காரர்களுக்குத் தீயணைப்பு வண்டி, பல கிளைகள் பழைய சிவப்பு வண்டியொன்றை வாங்கி வாசலில் நிறுத்தியிருக்கும். கை சை சங்கத்தினர் வீட்டை வீடு என்று சொல்லாமல் 'லாட்ஜ்' என்பார்கள் (நம் ஊர் லாட்ஜ் அல்ல). 1840களில் மிச்சிகன் பல்கலைக்கழகம் ரகசியச் சங்கங்களைத் தடுத்துக்கொண்டிருந்தபோது காட்டுக்குள் மரக்குடில் கட்டிக்கொண்டு அங்கே கூடியவர்கள் அவர்கள், ஃபிரட்டர்னிட்டி வீடு என்ற வழக்கத்துக்கே அதுதான் தொடக்கம் என்பார்கள். புதிதாகச் சேர்பவனை 'பிளெட்ஜ்' என்பார்கள், அவனுக்கு 'பெரிய அண்ணன்' ஒருவர், அந்த அண்ணனுக்கு ஓர் அண்ணன், இப்படியே வம்சாவளி வரைந்து சுவரில் மாட்டியிருப்பார்கள். எரியும் தீக்குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு அது விரலைச் சுடுவதற்குள் கிரேக்க எழுத்துகள் இருபத்துநான்கையும் ஒப்பிக்கவேண்டும் என்பது பல இடங்களில் வழக்கம், என் வகுப்பில் ஒரு பையன் கட்டைவிரலில் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு வந்து இதைப் பெருமையாகச் சொன்னான்.

அதே பையன் அடுத்த வாரம் வகுப்பில் உட்கார்ந்தபடியே தூங்கினான், அதற்கடுத்த வாரம் வரவே இல்லை. உங்கள் அக்கா கவலைப்படவேண்டியது இங்கேதான். பிளெட்ஜ்களைப் படுத்தும் இந்த 'ஹேசிங்' கொடுமையை நம் ஊர் ராகிங் என்று நினைத்துவிடாதீர்கள். ராகிங்கில் சீனியர் யாரை வேண்டுமானாலும் பிடிப்பான், கொஞ்ச நாளில் விட்டுவிடுவான், மாட்டியவனும் அதைக் கொடுமை என்றே நினைப்பான். இங்கே சேர ஆசைப்பட்டு வந்தவனிடம்தான் செய்வார்கள், அவன் எந்த நிமிடமும் எழுந்து போகலாம், போனால் அத்தனை வாரம் பட்டதெல்லாம் வீண், அறைத்தோழனும் நண்பர்களும் உள்ளே இருக்க இவன் மட்டும் வெளியே. அதனால் எழுந்து போவதில்லை, புகாரும் கொடுப்பதில்லை, அடுத்த வருடம் தானே மற்றவனுக்குச் செய்கிறான். 1873இல் கார்னெலில் கண்ணைக் கட்டிக் கூட்டிப்போன மாணவன் பள்ளத்தில் விழுந்து இறந்தான், அது கப்பா ஆல்ஃபா சொசைட்டி. இந்த மரணங்களைப் பல காலமாகத் தொகுத்துவரும் ஹாங்க் நியூவர் என்ற பத்திரிகையாளரின் கணக்குப்படி 1959 முதல் 2021 வரை ஒவ்வொரு வருடமும் அமெரிக்கக் கல்லூரிகளில் குறைந்தது ஒருவராவது இப்படிப் போயிருக்கிறார். அண்மைக் காலத்தில் பெரும்பாலும் காரணம் சாராயம், ஒரே மூச்சில் ஒரு பாட்டில் குடிக்கச் சொல்வது.

தலைமையகங்கள் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமுடியாது. லாம்ப்டா கை ஆல்ஃபா 1972இலேயே பிளெட்ஜ் முறையை எடுத்துவிட்டது, ஸீட்டா பீட்டா டாவ் 1989இல், சிக்மா ஆல்ஃபா எப்சிலான் தொடர்ந்து பல சாவுகளைப் பார்த்த பிறகு 2014இல். (அடுத்த வருடமே அவர்களுடைய ஒக்லஹோமா கிளை பேருந்தில் இனவெறிப் பாட்டுப் பாடிய வீடியோ வெளியாகி கிளை மூடப்பட்டது, அது வேறு.) ஃபை டெல்டா தீட்டா 2000 முதல் எந்த வீட்டிலும் மது கூடாது என்று சட்டம் போட்டது, காப்பீட்டுச் செலவு குறைந்தது, நல்ல பேரும் கிடைத்தது. ஆனாலும் 2017இல் லூசியானாவில் அதே சங்கத்தின் கிளை வீட்டில் பதினெட்டு வயதுப் பையன் குடிக்கவைக்கப்பட்டு இறந்தான். தலைமையகத்தின் வலைத்தளத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம்.

நல்லதே இல்லையா என்றால், இருக்கிறது. பதினெட்டு வயதில் தெரியாத ஊரில் இறங்குபவனுக்கு ஒரே நாளில் நாற்பது நண்பர்கள், நல்ல சமையல்காரர் இருக்கும் வீடு, வேலை தேடும்போது தொலைபேசியை எடுக்கும் பழைய உறுப்பினர்கள், இவையெல்லாம் நிஜம். செலவும் நிஜம், ஒரு செமஸ்டருக்கு நூற்றுக்கணக்கான டாலரில் தொடங்கும் சந்தா, வீட்டில் தங்கினால் சாப்பாடு வாடகையோடு பல ஆயிரம் ஆகிவிடும். அதை அக்காவும் மாமாவும் முன்கூட்டியே பேசிவைத்துக்கொள்வது நல்லது.

எந்தக் கல்லூரி என்று நீங்கள் எழுதவில்லை. எதுவாக இருந்தாலும் முதல் செமஸ்டரில் சேரவேண்டாம் என்று சொல்லுங்கள், சில கல்லூரிகள் அவர்களே அனுமதிப்பதில்லை. 2024 டிசம்பரில் ஒரு மத்தியச் சட்டம் வந்திருக்கிறது, அதன்படி எந்தச் சங்கம் இந்தக் கொடுமைக்காகத் தண்டிக்கப்பட்டது என்ற அறிக்கையைக் கல்லூரிகள் தங்கள் தளத்திலேயே வெளியிடவேண்டும், விமானம் ஏறுமுன் வீட்டிலிருந்தே அதைப் படித்துவிடலாம். அப்புறம் போய்ப் பார்க்கும்போது விருந்து நடக்கும் சனிக்கிழமை இரவில் போகவேண்டாம், அன்றைக்கு எல்லா வீடும் ஒரே மாதிரிதான் இருக்கும். செவ்வாய்க்கிழமை ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் போய் உட்காரட்டும். கடைசி வருட மாணவர்கள் இன்னும் அங்கேயே சாப்பிடுகிறார்களா, இல்லை மூன்றாம் வருடத்திலேயே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டார்களா, புதிதாகச் சேர்ந்தவர்கள் பெரியவர்களோடு உட்கார்ந்து பேசுகிறார்களா, இல்லை எழுந்து தட்டு எடுத்துக் கழுவிக்கொண்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வந்து சொல்லட்டும்.